லோக்ரிக் கயிறு

சவரிமுத்து சாகவும் துணிந்துவிட்ட அன்று காலையில், புதுக்கொற்கை மொத்தத்துக்கும் ரவைக் கிச்சடி கிண்டினான். உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. மூன்று வருஷத்தில் அவன் கைக்கு உப்பு பிசகியது அதுதான் முதல் தடவை. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் உப்புக்கும் புளிக்கும் ஊரே வரிந்து கட்டிக்கொண்டு வந்திருக்கும். இன்றைக்கு எல்லோரும் தட்டைப் பார்த்துத் தின்றுவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் கழுவப் போனார்கள்.

இசக்கியம்மாள் மட்டும் தட்டோடு நேரே அடுப்படிக்குள் போனாள். ஊரில் அவளுக்குக் ‘கதவுக்காரி’ என்றே பெயர். நிலவின் தென்முனையில் ஒரு பழைய எரிமலைக் குகைக்குள் வரிசையாகப் போட்ட உருக்குக் குழாய்கள்தான் அந்த ஊர். குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே கதவு. மொத்தம் எழுபத்திரண்டு கதவுகளின் ரப்பரும் மோட்டாரும் அவள் பொறுப்பு. தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பனிக்கட்டி வெட்ட ஒப்பந்தத்தில் வந்து, அப்படியே தங்கிவிட்ட ஐந்நூறு பேர் அந்தக் கதவுகளை நம்பித்தான் மூச்சு விடுகிறார்கள்.

“சவரி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. கதவு விதிய மாத்தக் குடுத்த பேர வாபஸ் வாங்கிரு” என்றாள்.

“கிச்சடி ஆறுதுக்கா. சாப்பிடுங்க.”

“நான் சொல்லுதது காதுல விழுதா இல்லயா?”

“விழுது. பத்து நாளா அதத்தான சொல்லுதிய.” அவன் அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டே பேசினான். “எட்டு வினாடியில மூடணும், மூடணும்ங்கிய. ஒரு பிள்ளையோட கை நடுவுல இருந்தா நிக்கணும்னு அந்தக் கதவுக்குத் தெரிய வேண்டாமா? அதத்தான நான் கேக்கேன். பெருசா என்ன கேட்டுட்டேன்?”

அவனுக்குப் பதில் சொல்ல அவளிடம் ஆயிரம் இருந்தது. 

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் மிளகு அளவு விண்கல் ஒன்று குகை வாயின் ஓரமாகப் பாய்ந்து, ஆறாம் குழாயைத் துளைத்தது. காற்றழுத்தம் இறங்கியதும் சங்கு ஊதியது. எட்டு வினாடியில் கதவு மூடியது. சவரிமுத்துவின் ஏழு வயது மகள் பிலோமினா, சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் ஓடி வந்தவள், பின்னால் வந்த சிநேகிதியைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினாள். சிநேகிதி வந்து சேர்ந்தாள். பிலோமினாவின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. கதவு எதற்கும் நிற்காது. அதன் விதி அப்படி. அன்றைக்கு அது நின்றிருந்தால் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த அறுபது பேரும் இன்று இல்லை. அந்த அறுபதில் சவரிமுத்துவும் ஒருவன், பிலோமினாவும் ஒருத்தி. கையைத் தின்ற கதவுதான் உயிரையும் காத்தது என்று ஒரு தகப்பனிடம் எந்த வாயால் சொல்வது?

கதவு ஒரு காலத்தில் நின்றுதான் பார்த்தது. ஊர் அமைந்த இரண்டாம் வருஷம், குறுக்கே எதுவும் இருந்தால் கதவு பொறுத்து நிற்கும்படிதான் வைத்திருந்தார்கள். ஒருநாள் அரிசி மூட்டை வண்டி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. கதவு மரியாதையாகக் காத்திருந்தது. பத்தொன்பது பேர் செத்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது ஊரில் நாற்பது பேர்கூடக் கிடையாது. மற்றவர்களுக்கு அது சுவரில் தொங்கும் பத்தொன்பது படம். பிலோமினாவோ கட்டுப் போட்ட கையோடு தினமும் அவர்கள் கண்முன்னால் நடந்து போகிறாள்.

“எக்கா” என்றான் சவரிமுத்து. “நீங்க ஓட்டுல ‘சரி’ன்னுதான போடுவிய?”

 இசக்கி தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

*

தலைவர் ஆவுடையப்பன் கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானை மேலும் கீழுமாக மாட்டியிருந்தார். இசக்கி அதைச் சொல்லவில்லை. அவளுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

“அண்ணாச்சி, இத நீங்கதான் நிப்பாட்டணும்.”

“எனக்கு ஏது தாயி அதிகாரம்? விதி என் கையில இல்ல, கணினி கையில இருக்கு. நான் ஒரு விதிய மாத்தணும்னாலும் அந்த அறைக்குள்ளதான் போய் நிக்கணும்.”

“அந்த அறையக் கொண்டாந்ததே நீங்கதான?”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். பூமியில் கல்லூரியில் வரலாறு நடத்தியவர். பத்தொன்பது பேர் செத்த பிறகு ஊரில் ஆளாளுக்கு ஒரு விதி சொன்னார்கள். திங்கட்கிழமை போட்ட விதியை வியாழக்கிழமை மாற்றினார்கள். அப்போதுதான் தனக்குத் தெரிந்த பழைய கதை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அதிலிருந்த சட்டத்தையே ஊர் விதியாகக் கணினியில் ஏற்றிப் பூட்டிவிட்டார்கள்.

“லோக்ரின்னு ஒரு ஊரு இசக்கி. இத்தாலியோட தெக்குக் கோடியில, கிரேக்கக்காரங்க போய்க் குடியேறுன ஊரு. நம்மள மாதிரி பிழைக்கப் போன கூட்டந்தான். சலூக்கஸ்னு ஒருத்தர் அவுகளுக்குச் சட்டம் எழுதிக் குடுத்தாராம். அத எவனாவது மாத்தணும்னா, கழுத்துல சுருக்குக் கயித்தப் போட்டுக்கிட்டு சபை முன்னால வந்து நிக்கணும். சபை சரின்னா கயித்தக் கழட்டிருவாவ. இல்லைன்னா அங்கனயே இறுக்கிருவாவ. எரநூறு வருசத்துல ஒரே ஒரு சட்டந்தான் மாறுச்சாம்.”

“எது?”

“ஒத்தக்கண்ணன் ஒருத்தன் மாத்துனான். அங்க கண்ணுக்குக் கண்ணுதான் சட்டம். அவன் பகையாளி வந்து, ‘உன் கண்ணத் தோண்டிட்டு நானும் ஒரு கண்ணக் குடுத்துருதேன், எனக்கு மிச்சம் ஒண்ணு இருக்கும், நீ முழுக்குருடு’ன்னு மிரட்டிட்டான். இவன் கயித்தோட போய் நின்னான். ஒத்தக்கண்ணன் கண்ணப் பறிச்சவனுக்கு ரெண்டு கண்ணும் போகணும்னு கேட்டான். குடுத்துட்டாவ.”

“கதை நல்லாத்தான் இருக்கு” என்றாள் இசக்கி. “அங்க ‘இல்லை’ன்னு சொல்ல ஆளு இருந்துச்சு. அதனால கயித்துக்குப் பயந்தான். இங்க எவன் சொல்லுவான்? ஒரே கூடத்துல சாப்பிடுத சனம். அவன் பொண்டாட்டி இவளுக்கு மைனி, இவன் அவனுக்கு மச்சான். சவரி செத்தா நாளைக்கு அந்தப் பிள்ள மூஞ்சில முழிக்கணும். அவன் கதவ மொத்தமா பேத்து எறியணும்னு கேட்டாலும் ‘சரி’ன்னுதான் அமுக்குவாவ. கயிறு அவன் கழுத்துலயா கிடக்கு? நம்ம கழுத்துல கிடக்கு அண்ணாச்சி.”

 ஆவுடையப்பன் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“செல்லத்துரை அந்த அறையில செத்த பிறகு, இனி எவனும் ‘இல்லை’ன்னு சொல்ல மாட்டான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா எட்டு வருசம் சும்மா இருந்திய?”

“இந்த விதிய எடுக்கணும்னாலும் ஒருத்தன் உள்ள போய் நிக்கணும்லா. எனக்குக் கால் வரல தாயி.”

“இன்னைக்கு என்ன அமுக்கப் போறிய?”

“‘சரி’ன்னுதான்” என்றார். கடைசியில் பொத்தான் தப்பாக மாட்டியிருப்பதைக் கவனித்து, கழற்றி மாட்டத் தொடங்கினார். 

*

அந்த அறை சாப்பாட்டுக் கூடத்தின் கோடியில் இருந்தது. கூடத்துப் பக்கம் கண்ணாடி போட்ட கதவு, எதிர்ப்பக்கம் நிலவுக்குத் திறக்கும் கதவு. விதி கேட்பவர் கவச உடை இல்லாமல் உள்ளே நிற்க வேண்டும். பேச மூன்று நிமிஷம், ஊரில் ஓட்டுள்ள பெரியவர்கள் யோசித்து அமுக்க ஒரு நிமிஷம். ‘சரி’ பாதிக்கு மேல் வந்தால் கண்ணாடிக் கதவு திறக்கும். வராவிட்டால் மற்றது திறக்கும். மனிதக் கை எதுவும் அதைத் தொடுவதில்லை. யாரும் யாரையும் கொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது.

சவரிமுத்து அழுக்கு மேல்துண்டோடு உள்ளே போய் நின்றான். பேச்சு ஒன்றும் தயாரித்து வரவில்லை. “எம்பிள்ள சாப்பாடு அள்ளித் திங்கத் தெரியாம முழிக்கா. இன்னொரு பிள்ளைக்கு இப்படி ஆகக் கூடாது. அவ்வளவுதான்” என்றான். மிச்ச நேரம் முழுக்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூடத்தில் அழாதவர்கள் இல்லை.

ஒரு நிமிஷம் ஓடத் தொடங்கியது. இசக்கியின் உள்ளங்கைக் கருவியில் ‘சரி’ பச்சையாகவும் ‘இல்லை’ சிவப்பாகவும் ஒளிர்ந்தன. அவள் விரல் சிவப்பின் மேல்தான் முதலில் போயிற்று.

எட்டு வருஷத்துக்கு முன்னாலும் அது அங்கேதான் போனது. செல்லத்துரை சிரித்துக்கொண்டே உள்ளே போன ஆள். வீட்டுக்கு வீடு சின்னதாக ஓர் அடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டான். மூடிய குழாய்க்குள் நெருப்பு என்ன செய்யும் என்று தெரிந்தவள் இசக்கி. ‘இல்லை’ என்று அமுக்கினாள். அவன் சாவான் என்று அவள் நினைக்கவே இல்லை. மற்றவர்கள் ‘சரி’ போட்டு அவனை எப்படியும் வெளியே எடுத்துவிடுவார்கள் என்று இருந்தாள். விதி தோற்க வேண்டும், ஆள் பிழைக்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே பொத்தானிடம் கேட்டாள். அவளையும் சேர்த்து நூற்று முப்பத்து மூன்று பேர் அப்படிக் கேட்டிருந்தார்கள். பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் வெளிக்கதவு திறந்தது.

அவள் கணக்குத் தப்பில்லை. அடுப்பு வந்திருந்தால் ஊர் எரிந்திருக்கும். ஆனாலும் அந்தக் கதவு திறந்த சத்தத்தை நினைத்தால் இன்றும் அவளுக்குச் சோறு இறங்காது.

பதினோரு வினாடி மிச்சம் இருக்கும்போது பச்சையை அமுக்கினாள்.

சரி, முந்நூற்றுப் பதினொன்று. இல்லை, பூஜ்யம். கண்ணாடிக் கதவு திறந்தது. ஊர் ஓவென்று இரைந்தது. பிலோமினா ஓடிப்போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அந்த இரைச்சலுக்கு அடியில் குழாய்கள் நெடுகக் ‘கிளிக், கிளிக்’ என்று ஒரு சத்தம் ஓடியதை இசக்கி மட்டும் கேட்டாள். எழுபத்திரண்டு கதவுகளும் புதிய விதிக்கு மாறிக்கொண்டிருந்தன. இந்த நொடியில் ஒரு மிளகு வந்து விழுந்தால், கூடத்து வாசலில் முண்டியடித்துக்கொண்டு நிற்கும் அத்தனை பேருக்காகவும் கதவு பொறுமையாகக் காத்திருக்கும்.

அவள் எழுந்து அறையைப் பார்த்து நடந்தாள். கணவன் தளவாய் கையைப் பிடித்தான்.

“ஏட்டி, எங்க போற?”

“விடுங்க. நான் விதி கேக்கப் போறேன்.”

“கிறுக்கு பிடிச்சுட்டா உனக்கு?” அவன் பிடி இறுகியது. அவன் முகத்தைப் பார்த்தால் தங்கிவிடுவோம் என்று பயந்து, பார்க்காமலே கையை உருவிக்கொண்டாள்.

ஒரே கூட்டத்தில் இரண்டாவது ஆள் நிற்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. அப்படி ஒருவர் கிளம்புவார் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.   கண்ணாடிக் கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

உள்ளே குளிர்ந்தது. வெளிக்கதவின் ரப்பரைப் போன மாதம் அவளே மாற்றியிருந்தாள். மோட்டாருக்கு எண்ணெயும் விட்டிருந்தாள். கதவு மக்கர் பண்ணாமல் திறக்கும் என்பது ஊரிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். 

“நான் ரெண்டு விசயம் கேக்கேன்” என்றாள். “ஒண்ணு, கதவு பழையபடி எட்டு வினாடியில மூடணும். எது குறுக்க இருந்தாலும் மூடணும்.”

 கூடத்தில் ஒரு பெண் குரல், “அடிப் பாவி!” என்றது. பிலோமினாவைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்த சவரிமுத்து, நம்ப முடியாமல் அவளையே பார்த்தான்.

“ரெண்டு, இனிமே விதி கேக்குத ஆளு யாரும் இந்த அறைக்குள்ள நிக்க வேண்டாம். வெளியவே நின்னு கேக்கட்டும். புடிச்சா ‘சரி’ம்போம், புடிக்காட்டி ‘இல்லை’ம்போம். யாரும் சாக வேண்டாம்.”

 இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

“இப்ப சவரிக்கு நீங்க எல்லாரும் ‘சரி’ன்னு போட்டிய. நானும் போட்டேன். அவன் கேட்டது சரின்னா போட்டோம்? அவன் சாகக் கூடாதுன்னு போட்டோம். எனக்கு அப்படிப் போடாதிய. நான் கேக்குதது தப்புன்னு தோணுச்சுன்னா ‘இல்லை’ன்னே அமுக்குங்க.” இதைச் சொல்லும்போதே வாயைப் பொத்திக்கொள்ளலாமா என்று இருந்தது. என்ன வீராப்பு வேண்டிக்கிடக்கிறது? உயிர் மேல் அவளுக்கு ஆசை கொள்ளையாக இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. “செல்லத்துரை நின்ன அன்னைக்கு நான் ‘இல்லை’ன்னு அமுக்குனேன். நூத்து முப்பத்து மூணு பேர் அமுக்குனோம். எட்டு வருசமா ஒருத்தரும் ‘நாந்தான்’னு சொன்னதில்ல. நான் சொல்லுதேன். நாந்தான்.”

செல்லத்துரையின் மனைவி ரஞ்சிதம் மூன்றாம் வரிசையில் இருந்தாள். தலையைத் தூக்கி இசக்கியைப் பார்த்தாள். அழவும் இல்லை, ஏசவும் இல்லை. வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்கு வெளிக்கதவே திறந்தாலும் தேவலை என்று இசக்கிக்குத் தோன்றியது.

ஒரு நிமிஷம் ஓடியது. கூடத்தில் எல்லாத் தலைகளும் கவிழ்ந்து உள்ளங்கையைப் பார்த்தன. யார் எதை அமுக்குகிறார்கள் என்று தெரியவில்லை. யாரும் அவளை நிமிர்ந்து பார்க்காதது மட்டும் தெரிந்தது. இருபது வினாடி. கணக்குத் தப்பிவிட்டது என்று அவளுக்குப் பட்டது. கோபத்தில் இருக்கும் சனத்திடம் கருணையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், இவளைப் போல ஒரு முட்டாள் உண்டா? பத்து வினாடி. தளவாய் மட்டும் கண்ணாடியில் உள்ளங்கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். அவள் முதுகை வெளிக்கதவுக்குக் காட்டாமல் திரும்பிக்கொண்டாள். திறந்தால் திறப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

பின்னால் கண்ணாடிக் கதவு திறந்தது.

சரி, நூற்று அறுபத்து நான்கு. இல்லை, நூற்று நாற்பத்து ஏழு.

குழாய்கள் நெடுக மறுபடியும் ‘கிளிக், கிளிக்’ என்று சத்தம் ஓடியது. தளவாய் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, கெட்ட வார்த்தையாகத் திட்டித் தீர்த்தான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆவுடையப்பன் தள்ளி நின்று இரண்டு கையையும் கூப்பினார். பதிலுக்குக் கும்பிட அவளுக்கு மனசு வரவில்லை.

ஊர் அவளைச் சூழ்ந்துகொண்டது.

“நான் ‘சரி’தான் போட்டேன் இசக்கி.”

“எக்கா, கண்ண மூடிக்கிட்டுப் பச்சைய அமுக்கிட்டேன்.”

“உனக்குப் போடாம வேற யாருக்கு மைனி போடப் போறோம்?”

ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துச் சொன்னார்கள். இருநூறு பேருக்கு மேல் சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறமும் வரிசை குறையவில்லை. அத்தனை பேருக்கும் தலையாட்டினாள். பிடித்த கைகளில் ஒன்றுகூட அவளுக்குச் சூடாகத் தெரியவில்லை. இவர்களில் நூற்று நாற்பத்து ஏழு பேர் யார் என்று இனி ஆயுசு முழுக்க ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருப்போம் என்று நினைத்தாள்.

கூட்டம் கலைந்து, இசக்கி பெஞ்சில் உட்கார்ந்த பிறகு சவரிமுத்து வந்தான். மகள் அவன் தோளில் தூங்கிப் போயிருந்தாள். கட்டுப் போட்ட கை அவன் முதுகில் தொங்கியது.

“நான் ‘இல்லை’ன்னுதான் அமுக்குனேன்க்கா” என்றான்.

இசக்கி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை. 

“நீங்க சாவியன்னு தெரிஞ்சுதான் அமுக்குனேன். எம்பிள்ள கைய நினைச்சேன், அமுக்கிட்டேன். மத்தவன மாதிரி வந்து பொய் சொல்ல முடியல.”

அவன்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.  இந்த ஊரில் இனி நிம்மதியாகப் பார்க்கக்கூடிய முகம் ஒன்றாவது இருக்கிறது.

“உக்காரு” என்றாள்.

“உக்காரல. ராத்திரிச் சோறு ஆக்கணும்.” அவன் தயங்கி நின்றான். “நாளைக்கே அந்த விதிய மறுபடியும் கேப்பேன். இப்ப அந்த அறைக்குள்ள நிக்க வேண்டாம்லா.”

“கேளு.”

“நீங்க என்ன போடுவிய?”

“‘இல்லை’ன்னுதான் போடுவேன் சவரி. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே போடுவேன்.”

 அவன் சரி என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, பிள்ளையை அவள் மடியில் கிடத்தினான். “அரிசி போட்டுட்டு வந்து தூக்கிக்கிடுதேன்” என்று சொல்லி அடுப்படிக்குள் போனான். பிலோமினா தூக்கத்தில் புரண்டு, இருந்த ஒரு கையால் இசக்கியின் விரலைப் பற்றிக்கொண்டாள்.